ஒத்திகை இல்லாமல் விடிய விடிய: ஸ்பெஷல் நாடகமும் அதன் கலைஞர்களும்

ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி மூன்று கேள்விகள் சேர்ந்தே கேட்கப்படுகின்றன. 1920, 30களில் ஒத்திகையே பார்க்காமல் ஒரு ராத்திரி முழுக்க எப்படி நடித்தார்கள்? அந்த மேடையில் நின்றவர்கள் யார் யார்? இன்றைக்கு அதைப் பார்க்க வழி உண்டா? முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இரண்டாவது விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் காலத்தில் நாடகம் இரண்டு வழியில் நடந்தது. ஒன்று கம்பெனி நாடகம். கம்பெனி என்றால் முதலாளி, வாத்தியார், படுதா, உடுப்பு, சமையல்காரர் எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய குடும்பம். ஊர் ஊராகப் போய்க் கொட்டகையில் மாதக்கணக்கில் தங்கி ஆடுவார்கள். நடிகருக்கு மாதச் சம்பளம். இன்னொன்று ஸ்பெஷல். இதில் முதலாளியும் இல்லை, குழுவும் இல்லை. ஓர் ஊரில் திருவிழா வருகிறது, அல்லது காண்டிராக்டர் ஒருவர் கொட்டகையை வாடகைக்குப் பிடிக்கிறார். அவர் கதாநாயக வேஷம் கட்டும் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், கதாநாயகி வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும், சிரிக்கவைக்கும் பபூனை வேறெங்கிருந்தோவும் தனித்தனியாகப் பேசி, முன்பணம் கொடுத்து வரவழைப்பார். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும்கூட அப்படித்தான். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேச்சு. பல சமயம் அரிதாரம் பூச உட்காரும்போதுதான் கதாநாயகனும் கதாநாயகியும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

இது நடக்க ரயில் வேண்டியிருந்தது என்பதை நாடக வரலாறு எழுதுபவர்கள் போதிய அளவு சொல்வதில்லை. 1870களில் திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை வந்தது. இன்று ராத்திரி ஓர் ஊரில் ஆடிவிட்டு, நாளை ராத்திரி நூறு மைல் தள்ளி இன்னோர் ஊரில் வேஷம் கட்ட முடிந்தது அதனால்தான். மதுரை ஸ்பெஷல் நாடகத்தின் தலைநகரானதற்கும் அது ஒரு முக்கியக் காரணம். 1914ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் இலங்கைப் பயணம் எளிதாகிவிட்டது. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் வரைக்கும் தமிழ் நடிகர்கள் போய் வந்தார்கள்.

சரி, முன்பின் தெரியாத ஆறேழு பேர் சேர்ந்து எப்படி ஒரு கதையை நடத்தினார்கள்? எல்லோருக்கும் ஒரே பாடம் தெரியும் என்பதுதான் பதில். அந்தப் பாடத்தைக் கொடுத்தவர் தூ.தா. சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல் தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்பளத்தில் கணக்கராக இருந்து, இருபத்து நான்கு வயதுவாக்கில் நாடகத்துக்கு வந்தார். முதலில் நடிகராகத்தான் இருந்தார். எமன், சனீஸ்வரன் மாதிரி உக்கிரமான வேஷங்கள். அவருடைய எமன் வேஷத்தைப் பார்த்த அதிர்ச்சியில் ஒரு கர்ப்பிணிக்கு ஆபத்து நேர்ந்ததாகவும், அதன்பின் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் ஆதரவில் கொஞ்ச காலம் இருந்தார். சந்தமும் தாளமும் அவர் பாடல்களில் அவ்வளவு இயல்பாக விழுவதில் அந்த வீட்டுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அவருக்கு முன்னாலும் இசை நாடகம் இருந்தது. பம்பாயிலிருந்து வந்த பார்சி கம்பெனிகள் வண்ணப் படுதாவையும் ஆர்மோனியத்தையும் பழக்கிவிட்டிருந்தன. ஆனால் மேடையில் வசனம் அவரவர் இஷ்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சுவாமிகள்தான் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைகளை எடுத்து, காட்சி காட்சியாகப் பாட்டும் வசனமும் அமைத்துக் கொடுத்தார். அபிமன்யு கதையை ஒரே இரவில் எழுதி முடித்ததாக, சிறுவனாக அவரிடம் பாடம் கற்ற டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். 1918ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் அந்தப் பாடம் நடந்தது. கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து பேச்சு போனது. அந்த நிலையிலும் சபையோடு ஊர் ஊராகப் போனார். 1922 நவம்பர் 13ல் புதுச்சேரியில் இறந்தார்.

அவர் போன பிறகு அந்தப் பாடம் யாருடைய சொத்தாகவும் இல்லாமல் எல்லோருடைய சொத்தாகவும் ஆகிவிட்டது. அச்சிட்ட புத்தகமாகவும், வாத்தியார் வாய்ப்பாடமாகவும், நடிகர்களின் கையெழுத்து நோட்டாகவும் பரவியது. ராஜபார்ட் கட்டும் எவருக்கும் முருகன் முதலில் என்ன பாடி வருவான், வள்ளி தினைப்புனத்தில் எப்போது ஆலோலம் பாடுவாள், நாரதர் எந்த இடத்தில் நுழைவார் என்பது தலைகீழாகத் தெரியும். கச்சேரி மேடையில் முதன்முதலாகச் சந்திக்கும் பாடகரும் வயலின்காரரும் ஒத்திகை இல்லாமல் வாசிக்கிறார்களே, அதே மாதிரிதான். கீர்த்தனை இருவருக்கும் பொது, அதற்கு மேல் அவரவர் கற்பனை.

இங்கே ஆர்மோனியக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேடையின் ஒரு பக்கத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியமான கால் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அவர்தான் உண்மையில் நாடகத்தை நடத்துபவர். நடிகர் எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில், பாடுவார், எந்தப் பாட்டை விட்டுவிடுவார், எங்கே வேண்டுமென்றே நீட்டுவார் என்பதைக் கணத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். வசனம் தடுமாறினால் அடுத்த பாட்டின் எடுப்பைப் பெட்டியில் காட்டி நடிகரைக் கரையேற்றுவார். தேவைப்பட்டால் பின்பாட்டும் பாடுவார். எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலுக்கு அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்ததை அந்தக் கால ரசிகர்கள் தனியாகவே கொண்டாடினார்கள்.

கதை என்னவோ புராணம்தான். ஆனால் அந்த ராத்திரி பல தனி நிகழ்ச்சிகள் கோத்த மாலை. கடவுள் வாழ்த்து முடிந்ததும் பபூன் வருவார். கதைக்கும் அவருக்கும் சம்பந்தம் இருக்காது. உள்ளூர் விஷயம், மாமியார் மருமகள், அன்றைய விலைவாசி, கொஞ்சம் கொச்சை, நடுநடுவே புத்திமதி என்று தனியாளாகக் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். பிறகு டான்ஸ்காரப் பெண் வருவார். இருவருக்கும் சண்டையும் சரசமுமாக ஒரு போட்டிப் பாட்டு. நள்ளிரவு நெருங்கும்போதுதான் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் வந்து கதை சூடு பிடிக்கும். ஒவ்வொரு நடிகரும் தனக்கென்று வைத்திருக்கும் சரக்கை அவிழ்க்க நேரம் உண்டு. ஒருவர் விருத்தம் பாடுவார். இன்னொருவர் சினிமா வந்த பிறகு சினிமா மெட்டையே போடுவார். கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டால் மறுபடி பாட வேண்டியதுதான்.

இதிலெல்லாம் உச்சம் தர்க்கம். வள்ளி திருமணத்தில் நாரதர் வள்ளியிடம் கேள்வி கேட்பார், அவள் பதில் சொல்லித் திருப்பிக் கேட்பாள். பிறகு வேடனாக வந்த முருகனோடு இன்னொரு தர்க்கம். பாடத்தில் அதற்கு ஓர் அளவு உண்டு. ஆனால் இருவருக்கும் கல்வியும் குரலும் இருந்தால் அது மணிக்கணக்கில் போகும். இலக்கணக் கேள்வி, புராணச் சிக்கல், விடுகதை, வேதாந்தம் எல்லாம் வரும். பதில் தெரியாமல் திகைத்தால் கூட்டத்தின் முன்னால் அவமானம், தெரிந்தால் அடுத்த பருவம் முழுக்கக் கையில் முன்பணம். எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரம் பேர் தரையில் உட்கார்ந்து ஒரு தமிழ் வாதத்தில் யார் ஜெயிக்கிறார் என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். இசை நாடகத்தைப் பாமர ரசனை என்று ஒதுக்கிய படித்த வட்டாரங்கள் இதைப் பார்க்கத் தவறிவிட்டன என்பது என் வருத்தம்.

அப்புறம் குரல். 1920களின் கொட்டகையில் மைக் கிடையாது. சோபாவில் உட்கார்ந்த மிராசுதாருக்கும் கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவருக்கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். அதனால்தான் அந்தத் தலைமுறைப் பாடகர்கள் எல்லோரும் உச்ச சுருதியில் பாடினார்கள். கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், எம்.கே. தியாகராஜ பாகவதர் குரல்களில் இன்று நமக்கு வியப்பாக இருக்கும் அந்தக் கூர்மை, கொட்டகை கேட்ட கூர்மை.

கம்பெனிக்கும் ஸ்பெஷலுக்கும் இருந்த இன்னொரு வேறுபாடு பெண்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களையே வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். அது விதிவிலக்கு. சிறுவர்களை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷமும் பையன்களுக்குத்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்தப் பையனின் நிலை கஷ்டம். பாட முடியாது, வேஷம் குறையும். ஸ்பெஷல் மேடையில் பெண்களே ஸ்திரீபார்ட் கட்டினார்கள், சிலர் ராஜபார்ட்டும் கட்டினார்கள். தன் பெயரைச் சொல்லித் தன் கூலியைத் தானே பேசிக்கொள்ளும் பெண் அந்தக் காலத்தில் வேறு எந்தத் தொழிலில் இருந்தாள்? ஊர் அவளைப் பற்றிப் பேசியது வேறு மாதிரி. நோட்டீஸில் பெயரைப் பெரிதாகப் போட்ட அதே ஊரில், அவளுக்குத் தங்க ஒரு வீடு கிடைப்பது கஷ்டம். திறமைக்குக் கொடுத்த மரியாதையை மனுஷிக்குக் கொடுக்கவில்லை.

திருவையாற்றில் 1911ல் பிறந்த டி.பி. ராஜலட்சுமி அப்படி வந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி, அது நிலைக்காமல், பிழைப்புக்காக மேடை ஏறினார். 1931 அக்டோபர் 31ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸில் அவர்தான் கதாநாயகி. 1936ல் மிஸ் கமலா படத்தை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனார். ஒரு ராத்திரியில் எந்தக் குழுவோடும் சேர்ந்து சமாளிக்கப் பழகிய துணிச்சல் அவருக்கு ஸ்டூடியோவில் கைகொடுத்திருக்கும்.

கொடுமுடியில் 1908ல் பிறந்த சுந்தராம்பாள் வறுமையில் வளர்ந்தவர். குரலைக் கேட்டு வியந்த ஒரு போலீஸ் அதிகாரி மூலமாக வேலு நாயர் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். நல்லதங்காளில் பசியால் அழும் பிள்ளை வேஷத்தில் பாடி எல்லோரையும் அழவைத்தார். இலங்கை மேடைகளில் புகழ் பெற்றிருந்தபோது, 1926ல் அங்கே அவரும் கிட்டப்பாவும் சந்தித்தார்கள். கிட்டப்பா செங்கோட்டைக்காரர், 1906ல் பிறந்தவர், சிறுவயதிலேயே அண்ணன்மாரோடு நாடகத்துக்கு வந்தவர். சென்னையில் கன்னையா கம்பெனியின் பிரம்மாண்டமான தசாவதாரத்தில் மோகினியாக வந்து பெயர் வாங்கியவர். இவரும் அவரும் ஒரே மேடையில் என்றால் யார் யாரைப் பாட்டில் வெல்வார் என்று பார்க்கவே கூட்டம் சேர்ந்தது. பாட்டுப் போட்டி காதலானது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணமாகியிருந்தது, சாதியும் வேறு. இருந்தும் சேர்ந்து வாழ்ந்தார்கள், சேர்ந்தே ஆடினார்கள்.

1933 டிசம்பர் 2ல் கிட்டப்பா இறந்தார். வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். ஆணுக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று தீர்மானித்தார். அதை மீறாமலேயே 1935ல் நந்தனார் படத்தில் ஆண் வேஷமான நந்தனாராக நடித்தார், எதிரே வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. பிறகு 1953ல் ஔவையார். கிட்டப்பா சினிமாவில் நடிக்கவே இல்லை. நமக்கு மிச்சம் இருப்பது கிராமபோன் தட்டுகள்தான். சுவாமிகள் எழுதிய 'காயாத கானகத்தே' பாட்டை அவர் குரலில் ஒருமுறை கேளுங்கள். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது கொஞ்சம்கூட முயற்சி தெரியாது.

இன்னொருவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். சிவகாசியில் 1886ல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காகச் சில நடிகைகள் அவரோடு நடிக்க மறுத்தார்கள். மேடையில் முருகனாக வணங்கப்பட்டவர், மேடைக்குப் பின்னால் பட்ட அவமானம் அது. அவர் காங்கிரஸ்காரர், கதர் கட்டுபவர். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சி வருகிறதல்லவா, அங்கே 'கொக்குப் பறக்குதடி பாப்பா' என்று பாடுவார். வெள்ளைக் கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரியும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் போலீசுக்கும் தெரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்களை அவரும் மற்ற நடிகர்களும் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

1876லேயே நாடகத்தைத் தடை செய்ய ஆங்கிலேயர் சட்டம் போட்டிருந்தார்கள். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தை அந்தச் சட்டத்தால் முழுசாகப் பிடிக்க முடியவில்லை. எந்தப் பாட்டு எந்த இடத்தில் வரும் என்பது அன்று ராத்திரி மேடையில்தான் முடிவாகும். நாடகத்தின் பெயரோ வள்ளி திருமணம், புத்தகத்தில் ஆட்சேபிக்க ஒரு வரி இல்லை. வேறு வழியில்லாமல் பாடிய ஆளைத்தான் பிடித்தார்கள். தாஸ் பலமுறை சிறைக்குப் போனார், வெளியே வந்ததும் அதே பாட்டைப் பாடினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். மயில் மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் இப்போது அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. ஆனால் விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது மேடைப் பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியைக்கூட நாம் இந்த மேடை நடிகர்களுக்குக் கொடுப்பதில்லை. கிராமத்துக்குச் சுதந்திரச் செய்தியை முதலில் எடுத்துக்கொண்டு போனவர்களில் இவர்களும் உண்டு.

பேசும் படம் வந்ததும் நாடகம் அழிந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். நடந்தது கொஞ்சம் வேறு. தொடக்ககாலத் தமிழ்ப் படங்கள் பல, மேடை நாடகத்தையே காமிராவுக்கு முன்னால் ஆடியவை. பவளக்கொடியில் தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். அதே கதை, அதே ஜோடி, 1934ல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் படமானது. பாட்டு அடுக்கடுக்காக வருவது, கதைக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக ஓடும் நகைச்சுவைப் பகுதி, நடுவில் ஒரு டான்ஸ், இவையெல்லாம் தமிழ் சினிமாவில் பல பத்தாண்டுகள் நிலைத்ததற்கு மூலம் இந்த மேடைதான். சினிமா பெரிய நட்சத்திரங்களையும் நகரத்துக் கொட்டகைகளையும் எடுத்துக்கொண்டது. கொட்டகைகள் பல படக் கொட்டகைகளாக மாறின. கம்பெனிகள் செலவு தாங்காமல் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஸ்பெஷல் நாடகத்துக்கோ தாங்க வேண்டிய செலவு என்று எதுவும் இல்லை. ஒரு மேடை, நாலு விளக்கு, அன்றைய கூலி. அதனால் அது கோயில் திருவிழாவோடு ஒட்டிக்கொண்டு பிழைத்துவிட்டது.

ஆகவே மூன்றாவது கேள்விக்குப் பதில், பார்க்கலாம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரங்களில் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே கேட்டால் எந்த ஊரில் என்றைக்கு நாடகம் என்று சொல்லிவிடுவார்கள். பங்குனி, சித்திரையிலிருந்து ஆடி வரை கிராமத்துக் கோயில் விழாக்களில் அதிகம் நடக்கும். பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். நடிகர்களின் படமும் ஊரும் போட்ட நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருக்கும், யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட், ஆர்மோனியம் யார் என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, ஊர் செலவு. இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும், பபூன் பகுதியைப் பார்த்துவிட்டு நாடகம் அவ்வளவுதான் என்று எழுந்துவிடாதீர்கள். தர்க்கம் வரும்போது பின்னிரவு இரண்டு மணியாவது ஆகிவிடும். மேடைக்குப் பக்கவாட்டில், ஆர்மோனியக்காரர் முகம் தெரிகிற மாதிரி இடம் பிடியுங்கள். நடிகர் ஒரு வரியை மாற்றும்போது அவர் நிமிர்ந்து பார்ப்பதையும், அடுத்த நொடியே விரல் அந்தச் சுரத்துக்குப் போவதையும் பார்த்தால், ஒத்திகை இல்லாமல் எப்படி என்ற கேள்விக்கு நான் எழுதியதைவிட நல்ல பதில் அங்கே கிடைக்கும்.